தூரத்து வேலைக்குப் பயணச் செலவு கேட்கலாமா, எவ்வளவு கேட்பது?

கேட்டவர் ஒரு வருடமாக மிஸ்டரி ஷாப்பராக இருக்கிறார். அதாவது, சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குள் போய், சேவை எப்படி இருக்கிறது என்று பார்த்து, நிறுவனத்துக்கு ரிப்போர்ட் எழுதித் தருகிறவர். யாரிடமும் மாதச் சம்பளம் வாங்கவில்லை, வேலைக்கு வேலை கூலி. இப்போது 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு இடத்துக்குப் போய்வர முடியுமா என்று நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு என்ன கூலியோ அதேதான் இதற்கும். “பயணச் செலவு கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? கேட்கலாம் என்றால் கிலோமீட்டருக்கு எவ்வளவு கேட்பது நியாயம்?” என்பது கேள்வி.

கிலோமீட்டர் கணக்கைப் பிறகு பார்க்கலாம். கேள்வியைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது ஒரு பயம். கேட்க நமக்கு இடம் இருக்கிறதா, கேட்டுவிட்டால் அடுத்த வேலை வராமல் போய்விடுமோ என்ற பயம். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நான் 12 ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன். நடுவில் இரண்டரை ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் எதிர்ப்பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தேன், ஷாப்பர்களைத் தேடிப்பிடித்து வேலையை ஒதுக்குகிற ஸ்கெஜூலராக. கேட்கிறவர் மனதில் என்ன ஓடும், கேட்கப்படுகிறவர் மனதில் என்ன ஓடும் என்று இரண்டும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கேட்கலாம். தாராளமாகக் கேட்கலாம். அந்தப் பக்கத்தில் இருந்த காலத்தில், ஒப்புக்கொள்வதற்கு முன்னால் நாகரிகமாகக் கூடுதல் தொகை கேட்டார் என்பதற்காக ஒருவரைக்கூட நான் ஒதுக்கியதில்லை. உடன் வேலை செய்தவர்கள் ஒதுக்கியும் பார்த்ததில்லை. சொல்லப்போனால், கூடுதல் கேட்டு எழுதுகிறவர்தான் எங்களுக்குப் பெரிய உதவி. பதிலே போடாத 40 பேரை விட, “இவ்வளவு என்றால் வருகிறேன்” என்று எழுதுகிற ஒருவரை வைத்துக்கொண்டு மேலே பேச முடியும். எங்களுக்குக் கோபம் வந்தது வேறு இரண்டு வகையினர் மீது. வேலையைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு, கடைசி நாளுக்கு முந்தின இரவு “கூடுதல் கொடுத்தால்தான் போவேன்” என்று சொல்கிறவர்கள் ஒரு வகை. சொல்லாமல் கொள்ளாமல் போகாமலேயே விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டும்தான் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பாக ஏறும். எல்லா நிறுவனத்திலும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. கேட்டதற்கே முகம் சுளிக்கும் நிறுவனம் ஒன்றிரண்டு இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் தூரத்து வேலையை எடுக்காமல் இருப்பதால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இதில் “பயணச் செலவு” என்ற சொல்லே கொஞ்சம் குழப்புகிறது. ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருந்தால், அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போய்வந்த செலவைத் திருப்பித் தருவதற்கு ஒரு விதியோ வழக்கமோ இருக்கும். நாம் ஊழியர் கிடையாது. தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டு வேலை எடுக்கிறவர்கள். ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். போக்குவரத்து, போன், இன்டர்நெட் எல்லாம் ஷாப்பர் பொறுப்பு என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதனால் “எனக்குச் சேர வேண்டிய பயணப்படி” என்று உரிமையாகக் கேட்க வழியில்லை. ஆனால் ஊழியருக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. முடியாது என்று சொல்லலாம், என்ன விலைக்கு முடியும் என்றும் சொல்லலாம். ஆக நீங்கள் கேட்பது செலவுக்கான ஈடு இல்லை, வேலையின் விலை. இது மனதில் பதிந்துவிட்டால் கெஞ்சுகிற தொனி தானாகப் போய்விடும்.

அடுத்து, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கடையை நடத்துகிற க்ளையன்ட், மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனத்துக்கு ஒரு வருகைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருகிறார். உங்கள் கூலி, ரிப்போர்ட்டைப் படித்துத் திருத்துகிறவரின் கூலி, ஒதுக்குகிறவரின் கூலி, மென்பொருள் செலவு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். உங்களுக்குத் தரும் போனஸ், அதாவது கூலிக்கு மேலே தருகிற கூடுதல் தொகை, பெரும்பாலும் அந்த லாபத்திலிருந்து வெட்டப்படுகிறது. அதே சமயம், க்ளையன்ட் கேட்பது எல்லாக் கிளைகளுக்குமான ரிப்போர்ட். 200 கிளைகளில் 196 முடிந்து 4 நின்றுவிட்டால் அந்தச் சுற்றே முடியாது. அந்த நாலும் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், பக்கத்தில் ஷாப்பரே இல்லாத இடத்தில் இருக்கும். பக்கத்துக் கிளைகளில் மிச்சமானதை எடுத்து இந்த நாலுக்குச் செலவு செய்வார்கள். தொலைவான கிளைகளுக்கென்று தனியாகப் பயணத் தொகையை க்ளையன்டே ஒத்துக்கொண்டிருக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. ஆனால் அது வெளியே தெரியாது. கேட்டால்தான் வெளிவரும்.

நான் இருந்த இடத்தில், ஒரு அளவு வரை நானே கூட்டித் தரலாம். அதற்கு மேலே போனால் திட்ட மேலாளரிடம் கேட்க வேண்டும். அதனால் யாராவது நான் தரக்கூடியதை விடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்டால், அந்தக் கொஞ்சத்துக்காக மேலே எழுதிக்கொண்டு நிற்க மனம் வராது. அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவேன். நிறையக் கேட்டு, அதற்கான காரணமும் தெளிவாக இருந்தால் மேலே அனுப்புவேன். ஷாப்பருக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் “எவ்வளவு வரை தருவீர்கள்?” என்று கேட்பதை விட, உங்கள் தொகையைச் சொல்லிவிட்டு, “இது முடியாது என்றால் உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள், பார்க்கிறேன்” என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. பேச்சு அறுந்துபோகாது.

சரி, அந்தத் தொகைக்கு எப்படி வருவது? கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் குறைவாகத்தான் கேட்போம், ஏனென்றால் நம் கண்ணுக்குத் தெரிவது பெட்ரோல் மட்டும். வண்டி ஓடினால் டயர் தேய்கிறது, சர்வீஸ் சீக்கிரம் வருகிறது, விற்கும்போது விலை குறைகிறது. இது எவ்வளவு பெரிய பங்கு என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க வருமான வரித்துறை ஒவ்வோர் ஆண்டும் வாகனச் செலவைக் கணக்கிட்டு ஒரு விகிதம் அறிவிக்கிறது. 2025-ஆம் ஆண்டுக்குத் தொழில் பயணத்துக்கு மைலுக்கு 70 சென்ட். அதில் வண்டியின் தேய்மானமாக எடுத்துக்கொள்வது மட்டும் 33 சென்ட். எரிபொருள் போல, ஓடினால் மட்டும் ஆகிற செலவை வைத்து மருத்துவப் பயணத்துக்குத் தனியாக ஒரு விகிதம் தருகிறார்கள். அது 21 சென்ட்தான். பெட்ரோல் மாதிரி உடனே கையை விட்டுப் போகிற செலவு, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. உங்கள் வண்டிக்கும் நீங்கள் இருக்கும் இடத்துக்கும் எண்கள் மாறும். ஆனால் பெட்ரோல் காசு வந்துவிட்டால் போதும் என்று கணக்குப் போடுகிறவர் கையிலிருந்து போட்டுத்தான் வேலை செய்கிறார் என்பது எங்கும் ஒன்றுதான். பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு இந்தக் கணக்கு எளிது, டிக்கெட் காசு அப்படியே தெரிந்துவிடும்.

வண்டியை விடப் பெரிய செலவு நேரம். அதை நம்மில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். போகவர 240 கிலோமீட்டர், சராசரியாக மணிக்கு 60 என்றால் 4 மணி நேரம். போவதற்கு முன் குறிப்புகளைப் படிக்க 20 நிமிடம், கடைக்குள் 40 நிமிடம், ரிப்போர்ட் எழுத 1 மணி நேரம். மொத்தம் 6 மணி நேரம். இதே வேலை வீட்டுக்குப் பக்கத்தில் என்றால், போகவர 20 நிமிடம் வைத்தாலும் 2 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியென்றால் வண்டிச் செலவைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே இந்த வேலை உள்ளூர்க் கூலியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் தந்தால்தான் உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு குறையாமல் இருக்கும். அதோடு 240 கிலோமீட்டருக்கான வண்டிச் செலவு, சுங்கம், பார்க்கிங். இவை எல்லாம் கூடி வருவதுதான் உங்கள் தொகை. அதற்குக் கீழே ஒரு தொகையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், “இதற்குக் கீழே போனால் வீட்டிலேயே இருந்துவிடலாம்” என்கிற தொகை. மின்னஞ்சல் எழுதுவதற்கு முன்னால் இந்த இரண்டும் தாளில் இருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் கணக்குப் போட்டால் எதிரில் இருப்பவருக்குப் பாவம் பார்த்துக் குறைத்துவிடுவோம். நான் அப்படிப் பலமுறை குறைத்திருக்கிறேன்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் ஒரு உண்மை தெரியும். ஒரே ஒரு கடைக்காக 120 கிலோமீட்டர் போவதற்கு நியாயமான விலை, பெரும்பாலும் நிறுவனம் தரக்கூடியதை விட அதிகமாக இருக்கும். அவர்கள் கஞ்சர்கள் என்று அர்த்தமில்லை. க்ளையன்ட் தரும் தொகையில் அதற்கு இடமில்லை. அதனால்தான் பல வருடம் இதில் இருப்பவர்கள் தூரத்து வேலையைத் தனி வேலையாக எடுப்பதில்லை. ரூட்டாகக் கட்டுவார்கள். போகிற வழியில், அந்த ஊரில், திரும்புகிற வழியில் என்று ஐந்தாறு வேலைகள். நான்கு மணி நேரப் பயணம் ஆறு வேலைகளுக்குப் பங்கு பிரிந்துவிடும். நிறுவனத்துக்கு எழுதும்போதே, “அந்தப் பக்கத்தில் இன்னும் ஒதுக்காத கிளைகள் இருந்தால் சேர்த்துத் தாருங்கள், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்” என்று கேளுங்கள். ஒதுக்குகிறவருக்கு இது காதில் தேன். ஒரே மின்னஞ்சலில் நாலு தலைவலி தீர்கிறது. பணம் கூட்டிக் கேட்பதற்கும் அதுதான் சரியான நேரம்.

ரூட் கட்டும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். பயணத்துக்கு நிறுவனம் இரண்டு விதமாகத் தரலாம். மொத்தமாக ஒரு தொகையை போனஸாகத் தருவது ஒன்று. பில் காட்டினால் ஆன செலவை அப்படியே திருப்பித் தருவது இன்னொன்று. மொத்தத் தொகையாக வாங்கினால், அதே நாளில் அதே வழியில் வேறு மூன்று நிறுவனங்களின் வேலையை எடுத்து, அவர்களிடமும் தனித்தனியாக விலை பேசலாம். அதில் தவறே இல்லை, ஒவ்வொருவரும் தங்கள் வேலை முடிவதற்குத்தான் பணம் தருகிறார்கள். ஆனால் பில் காட்டி வாங்குவது என்றால், ஒரே சுங்கச் சீட்டை, ஒரே ரயில் டிக்கெட்டை இரண்டு பேரிடம் காட்டக் கூடாது. அது ஏமாற்று. முழுத் தொகையையும் ஒருவரிடம் வாங்குங்கள், இல்லையென்றால் இருவரிடமும் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை மொத்தத் தொகையாகவே பேசுவது என் வழக்கம். கணக்கு சுத்தமாக இருக்கும், பில் தொலைந்தால் பணமும் தொலையாது. நீண்ட பயணத்தில் டிக்கெட்டும் தங்குமிடமும் வந்தால் மட்டும் பில் முறை.

பொருள் வாங்கிய காசைத் திருப்பித் தருவதையும் கூலியையும் கலக்காதீர்கள். “கூலியும் திருப்பித் தருவதும் சேர்த்து இவ்வளவு” என்று பெரிய எண்ணாகக் காட்டுவார்கள். கடையில் கட்டாயமாகப் பொருள் வாங்கச் சொல்லி, அந்தக் காசைத்தான் திருப்பித் தருகிறார்கள் என்றால் அது உங்கள் பணம் உங்களிடமே வருவது. அந்தப் பொருள் எப்படியும் உங்களுக்குத் தேவைப்பட்டிருந்தால் கொஞ்சம் மதிப்பு வைக்கலாம். இல்லையென்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

இப்போது எப்படி எழுதுவது என்று பார்க்கலாம். சுருக்கமாக எழுதுங்கள். பெட்ரோல் விலை ஏறியது, வீட்டில் செலவு அதிகம் என்பதெல்லாம் வேண்டாம். படிக்கிறவர் கையில் இன்னும் முப்பது கிளைகள் காத்துக்கொண்டிருக்கும். அவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: போவீர்களா, எப்போது, எவ்வளவு. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “வணக்கம். அந்தக் கிளை எனக்கு 120 கி.மீ. தொலைவு. கூலியும் பயணமும் சேர்த்து மொத்தம் இவ்வளவு என்றால் வியாழக்கிழமை போய்வந்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ரிப்போர்ட் தருகிறேன். அந்தப் பக்கம் வேறு கிளைகள் இருந்தால் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம், அப்போது ஒரு கிளைக்கான தொகையைக் குறைக்க முடியும். இது தோதுப்படாது என்றால் உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள்.” இவ்வளவுதான். இதில் “இவ்வளவு முதல் இவ்வளவு வரை” என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கீழே இருக்கிற எண்தான் படிக்கப்படும். நானும் அப்படித்தான் படித்தேன். “மொத்தம்” என்ற சொல்லையும் விடாதீர்கள். போனஸ் மட்டுமா, கூலியும் சேர்ந்தா என்ற குழப்பத்தில் போன பணம் எனக்குத் தெரிந்தே நிறைய.

இணையதளத்தில் வேலையை நாமே எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால், விலை பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். எடுத்துக்கொண்டீர்கள் என்றால் அங்கே போட்டிருக்கிற கூலிக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு கேட்பது மிரட்டல் மாதிரி ஆகிவிடும், நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும்.

எப்போது கேட்பது என்பதில் எனக்குத் திட்டமான பதில் கிடையாது. சுற்றின் தொடக்கத்தில் போனஸ் குறைவு, முடிவு நெருங்க நெருங்க ஏறும் என்பது பொதுவாக நடக்கிற விஷயம். மாத முடிவு, காலாண்டு முடிவில் எங்கள் அலுவலகத்தில் போன் ஓயாது. ஆனால் காத்திருந்தால், அந்தப் பக்கம் சொந்த வேலையாகப் போகிற ஒருவர் அடிப்படைக் கூலிக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார். க்ளையன்ட் அந்தக் கிளையையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதும் உண்டு. உங்கள் விஷயத்தில் அவர்களாகவே தேடி எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று ஊகிக்கலாம். பலருக்கும் போன பொது மின்னஞ்சலா, உங்கள் பெயருக்கே வந்ததா என்று பாருங்கள். உங்களுக்கென்றே எழுதியிருந்தால் உங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது.

பணம் ஒரு எல்லைக்கு மேல் நகராது என்று தெரிந்தால் வேறு விஷயங்களைக் கேளுங்கள். இதை ஷாப்பர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பணத்தைக் கூட்ட மேலிடத்தைக் கேட்க வேண்டிய ஸ்கெஜூலர், தேதியைத் தன்னாலேயே மாற்ற முடியும். “செவ்வாய்க்கிழமைதான்” என்பதை “அந்த வாரத்தில் எந்த நாளும்” என்று மாற்றித் தந்தால், நீங்கள் வேறு வேலைகளோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ரிப்போர்ட் தரும் நேரத்தை நீட்டித்துக் கேளுங்கள். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி இரவில் வீட்டுக்கு வந்தவர் 12 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் தர வேண்டும் என்றால் தப்பு வரும், தப்பு வந்தால் ரிப்போர்ட் நிராகரிக்கப்படும், நிராகரித்தால் போனஸும் சேர்ந்து போகும். அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளைகளில் முன்னுரிமை கேட்கலாம். ஒரு முறை ஒரு தூரத்து வேலையைச் சுமாரான தொகைக்கே எடுத்து, அதற்குப் பதிலாக மூன்று மாதம் என் பகுதியின் கிளைகளை எனக்கே தர வேண்டும் என்று பேசினேன். அந்த மூன்று மாதத்தில் வந்தது, நான் கேட்க நினைத்த போனஸை விட அதிகம்.

பேசி முடித்ததும் எழுத்தில் வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தொடங்கி இரண்டாவது வருடம், ஒரு நிறுவனத்தின் ஸ்கெஜூலர் போனில் நல்ல தொகை சொன்னார். நம்பி, விடியற்காலையில் கிளம்பி, மூன்று கிளைகளை முடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். கணினியில் போட்டிருந்தது அடிப்படைக் கூலி மட்டும். புதிதாக வந்தவருக்கு என் பேச்சை நம்ப ஆசைதான், ஆனால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை, பணம் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து, இணையதளத்தில் அந்த வேலைக்கான பக்கத்திலேயே தொகை ஏறியிருப்பதைப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். ஏறவில்லை என்றால், “போனில் பேசியபடி மொத்தம் இவ்வளவு, உறுதி செய்யுங்கள்” என்று மின்னஞ்சல் போட்டு, பதில் வரும் வரை காத்திருக்கிறேன்.

அதோடு சேர்த்து இரண்டு விஷயம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு கடை மூடியிருந்தால், இடம் மாறியிருந்தால், என்ன தருவீர்கள்? சில நிறுவனங்கள் மூடிய கடையின் படத்தை நேரத்தோடு எடுத்து அனுப்பினால் ஒரு பகுதித் தொகை தரும், சில எதுவும் தராது. உள்ளூரில் இது பெரிய விஷயமில்லை. 120 கிலோமீட்டரில் ஒரு நாளே போகிறது. இரண்டாவது, ஒரு ரிப்போர்ட் நிராகரிக்கப்பட்டால் ரூட்டுக்கான போனஸ் முழுவதும் போகுமா, அந்த ஒரு கடைக்கான பங்கு மட்டும் போகுமா? ஐந்து கடைகளுக்குச் சேர்த்து ஒரே போனஸ் என்று பேசியிருந்தால் இது மிக முக்கியம். ஒவ்வொரு கடைக்கும் பிரித்துப் போடச் சொல்வது பாதுகாப்பு. கிளம்பும் முன் கடை நேரத்தைச் சரிபாருங்கள், குறிப்புகளை இரண்டு முறை படியுங்கள். உள்ளூரில் ஒரு கேள்வியை மறந்தால் மறுநாள் போய்ப் பார்த்துவிடலாம், அங்கே முடியாது.

விமானம், ஹோட்டல் என்று போகிற வேலைகள் தனி வகை. அதில் எவ்வளவு தருவார்கள் என்பதற்கு முன்னால் யார் முதலில் பணம் போடுவது என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் வேலை முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் பணம் அனுப்பும். அதற்குள் கார்டு பில்லை நீங்கள் கட்டாவிட்டால் வட்டி ஓடும். டிக்கெட்டையும் அறையையும் அவர்களே பதிவு செய்து தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், ரத்து செய்தால் பணம் திரும்புகிற டிக்கெட்டுக்கு ஒப்புதல் வாங்குங்கள். க்ளையன்ட் கடைசி நேரத்தில் தேதியை மாற்றினால் அந்த நஷ்டம் யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வராமல் போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் கையிலிருந்து போடாதீர்கள்.

வரிக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. மொத்தத் தொகையாக வந்த போனஸ் வருமானமாகுமா, பில் காட்டி வாங்கியது எப்படிச் சேரும் என்பதை உங்கள் இடத்துக் கணக்கரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும், போன தேதி, இடம், தூரம், எந்த வேலைக்காக என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். வரிக்கு உதவுகிறதோ இல்லையோ, ஆறு மாதம் கழித்து எந்த நிறுவனத்தின் தூரத்து வேலை உண்மையில் லாபம் என்பதை அந்த நோட்டு காட்டும். நான் இரண்டு நிறுவனங்களை விட்டதே அதைப் பார்த்துத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் பயணப் பணம் என்ற பெயரில்தான் இந்த வேலையில் ஆட்களை ஏமாற்றுகிறார்கள். நீங்கள் பதிவே செய்யாத ஒரு “நிறுவனம்” பெரிய தொகைக்குக் காசோலையை முன்கூட்டியே அனுப்பி, “உங்கள் கூலியையும் பயணச் செலவையும் எடுத்துக்கொண்டு மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்றோ, “பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்” என்றோ கேட்டால் அது மோசடி. சந்தேகமே வேண்டாம். காசோலை சில நாள் கழித்துத்தான் போலி என்று தெரியவரும், அதற்குள் நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணமாக இருக்கும். இந்தத் துறை நிறுவனங்களின் சங்கமான எம்எஸ்பிஏ பெயரைச் சொல்லியும் வருவார்கள். எம்எஸ்பிஏ ஷாப்பர்களை வேலைக்கு எடுப்பதில்லை. நேர்மையான நிறுவனம், வேலை முடிந்து ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகுதான் பணம் தரும். பதிவு செய்யக் கட்டணமும் கேட்காது.

நீங்கள் ஒரு வருடமாகத்தான் செய்கிறீர்கள் என்பதால், அனுபவசாலிகளுக்குக் கிடைப்பது உடனே கிடைக்குமா என்பது சந்தேகம்தான். ஒதுக்குகிறவர் போனஸ் தரும்போது பார்ப்பது, இவர் சொன்ன நாளில் போவாரா, ரிப்போர்ட் திருத்தாமல் எடுத்துக்கொள்ளும்படி இருக்குமா என்பதைத்தான். இதே நிறுவனத்துக்கு ஏற்கெனவே பத்துப் பதினைந்து வேலை ஒழுங்காகச் செய்திருந்தால் மின்னஞ்சலில் அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இது இரண்டாவதோ மூன்றாவதோ வேலை என்றால், கேட்கிற தொகையைக் குறைக்க வேண்டாம், ஆனால் மறுத்தால் மனம் தளர வேண்டாம். மறுத்தவரே அடுத்த மாதம் திரும்பி எழுதுவார். நானே அப்படி எழுதியிருக்கிறேன், முன்பு முடியாது என்று சொன்ன அதே தொகைக்கு.

இன்று செய்ய வேண்டியது இது. அந்த ஊரைச் சுற்றி வேறு நிறுவனங்களின் வேலைகள் என்னென்ன காலியாக இருக்கின்றன என்று அரை மணி நேரம் தேடுங்கள். இரண்டு தொகைகளையும் தாளில் எழுதுங்கள். மேலே சொன்ன மாதிரி நாலைந்து வரியில் பதிலை இன்று இரவே அனுப்புங்கள், நாளைக்கு என்று வைத்தால் வேறொருவர் எழுதிவிடுவார். பதில் கீழே உள்ள தொகையையும் தொடவில்லை என்றால், “இந்த முறை முடியவில்லை, பக்கத்தில் வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று மரியாதையாக எழுதிவிட்டு, அந்த 6 மணி நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கடைகளை முடியுங்கள்.